விற்கும் வரைக்கும் யார் கறப்பது?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் வேலூர் பக்கம் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய் இரண்டு கறவை மாடு வாங்கி வந்து, மாதவரம், செங்குன்றம் பக்கம் பால்காரர்களிடம் விற்றால் மாட்டுக்கு 8,000 ரூபாய் நிற்கும் என்கிறார் ஒரு தரகர். சீட்டு எடுத்த பணம் 1 லட்சம் இருக்கிறது. மீதியைத் தண்டலில் (தினமும் தவணை கட்டும் கடன்) வாங்கலாம் என்று இருக்கிறேன். அப்பா காலத்திலிருந்தே வீட்டில் இரண்டு மாடு உண்டு. விற்கும் வரைக்கும் அம்மா பார்த்துக்கும். இதில் நஷ்டம் வர வாய்ப்பு உண்டா? கணக்கு இணைத்திருக்கிறேன்.
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: தம்பி, உங்கள் கணக்கை இரண்டு தடவை பார்த்தேன். டீசல் இருக்கிறது, டோல்கேட் இருக்கிறது, தரகர் கூலி இருக்கிறது. மாட்டை ஏற்றிவிடும் ஆளுக்கு டீ, டிபன் என்று 100 ரூபாய்கூட எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்று ஒரு வரி இல்லை. கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ‘அம்மா பார்த்துக்கும்’, அவ்வளவுதான்.

அம்மாவை ‘பார்த்துக்கும்’ என்பது நம் பக்கத்தில் பாசத்தில் வருகிற பேச்சு. நானும் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள்தான். பேச்சில் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு.

‘விற்கும் வரைக்கும்’ என்றால் எத்தனை நாள்? செவ்வாய் வாங்கி ஞாயிறு விற்பதாகப் போட்டிருக்கிறீர்கள். சந்தையில் பல ஊர் மாடுகள் உரசிக்கொண்டு நிற்கும். கோமாரி தொற்றிய மாடு நோயை வெளியே காட்ட இரண்டு வாரம் வரை ஆகலாம். மாட்டுக்குத் தோலில் கட்டி கட்டியாக வருகிற பெரியம்மை நான்கு வாரம்கூட ஒளிந்திருக்கும். அதனால்தான் புதிதாக வந்த மாட்டை மூன்று நான்கு வாரமாவது தனியாகக் கட்டச் சொல்கிறார்கள். வியாசர்பாடி சந்தில் தனியாக எங்கே கட்டுவீர்கள்? அம்மாவின் மாடுகள் குடிக்கிற அதே தொட்டியில்தானே வந்ததும் வாய் வைக்கும்? அந்த இரண்டுக்கும் வாயும் குளம்பும் புண்ணாகிப் பால் வற்றிப்போனால் உங்கள் 8,000 எந்த மூலைக்கு?

மாட்டைக் கறக்காமல் விடவும் முடியாது. விட்டால் மடி கல்லாகி மடிநோயில் கொண்டுபோய் விடும். விற்கிற வரைக்கும் தினமும் இரண்டு வேளை கறந்தாக வேண்டும். 150 கிலோமீட்டர் வண்டியில் நின்றுகொண்டே வந்த மாடு மிரண்டிருக்கும், பாலை அடக்கிக்கொள்ளும், புதுக் கை பட்டால் உதைக்கும். அந்த உதையை வாங்கப்போவது நீங்கள் இல்லை.

இனி ‘நீ’ என்றே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு மாடு பார்க்கத் தெரியுமா? தரகர் சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறாய். அவர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது பக்கத்தில் நின்றாலும் உனக்கு ஒன்றும் விளங்காது. விளங்கக் கூடாது என்றுதானே துண்டு! முந்தின நாள் சாயங்காலமே கறக்காமல் விட்டு ஓட்டி வருவார்கள், மடி குடம் மாதிரி தொங்கும். வேறு மாட்டின் கன்றைப் பக்கத்தில் கட்டி ‘தலையீத்து, போன வாரம்தான் போட்டது’ என்பார்கள். என் பெரியப்பா அப்படி ஒன்றை வாங்கி வந்தார். கன்றை அவிழ்த்துவிட்டதும் மாடு அதை முட்டித் தள்ளியது. வாசலில் நின்று பார்த்த பெரியம்மா, “இது அது போட்டது இல்லை” என்றாள். ஒரு வருடம் அந்த மாட்டோடு அழுதார்கள். பெரியம்மாவைச் சந்தைக்கு அழைத்துப்போக மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

உன் அம்மாவும் இத்தனை வருடம் மாட்டோடு நின்றவர். கீழ்த்தாடையைப் பிடித்து, இரண்டு பல்லா, நாலு பல்லா, எட்டும் சேர்ந்துவிட்டதா என்று பார்த்து வயது சொல்லிவிடுவார். மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது என்பதாவது உனக்குத் தெரியுமா? நாலு காம்பையும் பீச்சிப் பார்க்காமல் அவர் விலை பேச மாட்டார். உனக்கு அவர் கை வேண்டும், கண் வேண்டாமா? கடிதத்தில் எங்கேயும் ‘அம்மாவைக் கேட்டேன்’ என்று இல்லையே. பெற்றவள் உழைப்புக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தாளில் முதல் வரியாக அம்மா கூலியை எழுது. அப்புறம் லாபம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதில் மஞ்சள் வில்லை இல்லாத மாட்டைத் தொடாதே. அதிலிருக்கிற 12 இலக்க எண்ணை வைத்துத் தடுப்பூசி போட்டதா என்று கால்நடை மருத்துவமனையில் கேட்கலாம். குட்டியானை ஏறக்குறைய 750 கிலோ தாங்கும். கலப்பின மாடு ஒன்றே 400 கிலோவுக்குப் பக்கம் வரும், இரண்டு மாடும் கன்றும் எங்கே ஏறும்? மருத்துவர் சான்று இல்லாமல் ஏற்றவும் கூடாது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் மாநகராட்சியிடம் பிடிபட்டால் முதல் தடவை 10,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 15,000. தண்டல் வேண்டவே வேண்டாம். மாடு விற்காத நாளிலும் தண்டல்காரர் சாயங்காலம் வாசலில் நிற்பார். நீ லோடுக்குப் போயிருப்பாய், அம்மாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நாளையிலிருந்து ஒரு மாதம் விடியற்காலைக் கறவை உன்னுடையது. சாணி அள்ளுவதும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவை வண்டியில் முன் சீட்டில் உட்கார வைத்துப் பொய்கைக்குக் கூட்டிப் போ. அவர் பார்க்கட்டும், நீ பின்னால் நட. பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.