விடுதி மாணவர்கள் சுவர் போர்ட்டில் சொந்த வைஃபை ரவுட்டர் மாட்டுகிறார்கள். எப்படிக் கண்டுபிடித்து நிறுத்துவது?

ரவுட்டரை எந்தத் துளையில் செருகியிருக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் கேபிள் லேன் துளையில் போனால், அந்த ரவுட்டர் தளம் முழுக்க 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் ஐபி முகவரிகளை வாரி வழங்க ஆரம்பித்துவிடும். பக்கத்து அறைக்காரருக்கு நெட் போய்விடும், புகார் உங்களுக்கு வரும். பாதிக்கப்பட்ட லேப்டாப்பில் கேட்வேயின் (வெளியே போகும் வழி; இங்கே அந்தத் திருட்டு ரவுட்டர்தான்) மேக் முகவரியை, அதாவது சாதனத்தின் வன்பொருள் எண்ணைப் பார்த்து, சுவிட்சின் மேக் அட்டவணையில் தேடுங்கள். எந்த போர்ட் என்று தெரிந்துவிடும். நிரந்தரத் தீர்வு சுவிட்சில் உள்ள டிஎச்சிபி ஸ்னூப்பிங். நம்பகமற்ற போர்ட்டிலிருந்து யாராவது ஐபி முகவரி வழங்கினால் அது தடுத்துவிடும். உங்கள் முக்கிய நெட்வொர்க்குக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டை மட்டும் நம்பகமானதாக வைத்தால் போதும்.

'இன்டர்நெட்' என்று எழுதிய துளையில் செருகியிருந்தால் கொஞ்சம் சிரமம். சுவிட்சுக்கு ஒரே ஒரு மேக்தான் தெரியும், ஒரு போர்ட்டில் எத்தனை மேக் என்று எண்ணும் போர்ட் செக்யூரிட்டி ஏமாந்துவிடும். ஆனால் விண்டோஸ் பாக்கெட்டின் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 128இல் தொடங்கும். முதல் சுவிட்சிலேயே 127 என்று வந்தால் நடுவில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. இதற்கு 802.1எக்ஸ்தான் சரி, அதாவது போர்ட்டில் செருகியதும் லாகின் கேட்கும் முறை. சாதாரண வீட்டு ரவுட்டர்கள் பலவற்றுக்கு அந்த லாகினைத் தாண்டத் தெரியாது.

வைஃபை கன்ட்ரோலரில் உள்ள, அந்நிய வைஃபையை முடக்கும் 'கன்டெயின்மென்ட்' வசதியை மட்டும் அவசரப்பட்டு அமுக்காதீர்கள். அது டீஆத் ஃப்ரேம்களை ('இணைப்பை விடு' என்னும் செய்திகளை) அனுப்பி இணைப்பைத் துண்டிக்கும். வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவரின் வைஃபையும் இதில் சிக்கிக்கொள்ளலாம். விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டை இப்படித் தடுத்ததற்காக அமெரிக்காவில் மேரியட் ஓட்டல் நிறுவனம் 2014இல் 6 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

அப்புறம், ரவுட்டர் முளைக்கும் அறைகளில் உங்கள் சிக்னலை அளந்து பாருங்கள். வராண்டாவில் மாட்டிய ஏபியின் (வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட்) சிக்னல் பல விடுதிகளில் அறைக் கதவைத் தாண்டுவதே இல்லை. அங்கே இன்னொரு ஏபி போடுவது, மாதாமாதம் ரவுட்டர் பறிமுதல் செய்வதைவிடச் சுலபம்.