அப்பாவின் இம்பிளாண்ட்டுக்கு உதிரிப்பாகம் ஆன்லைனில் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 2016-இல் பினாங்கில் ஒரு கிளினிக்கில் அவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு இம்பிளாண்ட் வைத்தோம். போன மாதம் மேலே இருந்த கிரவுன் உடைந்துவிட்டது. உள்ளே இருக்கும் இம்பிளாண்ட் ஆடவில்லை. வாயை ஸ்கேன் செய்து ஈப்போவில் உள்ள லேப்புக்கு அனுப்பினால் புதுக் கிரவுன் செய்துவிடலாம் என்கிறார் இங்குள்ள டாக்டர். ஆனால் இம்பிளாண்ட் எந்தப் பிராண்ட், எந்த சைஸ் என்று தெரிந்தாக வேண்டுமாம். பினாங்கு கிளினிக்கை மூடிவிட்டார்கள். 'எல்லா கொரிய இம்பிளாண்ட்டுக்கும் பொருந்தும்' என்று போட்டு ஸ்கேன் பாடியும் டைட்டானியம் பேஸும் ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. டாக்டர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.

டைட்டானியம் பேஸ் என்பது கிரவுனை இம்பிளாண்ட்டோடு சேர்க்கும் சிறு உலோகத் துண்டு. ஸ்கேன் பாடி என்பது சுண்டுவிரல் நகத்தளவுள்ள ஒரு சிறு குச்சி. அதை இம்பிளாண்ட்டில் திருகி வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். எக்ஸோகேட், 3ஷேப் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி லைப்ரரி, அதாவது பாகங்களின் உருவத் தொகுப்பு, உண்டு. அதிலிருக்கும் உருவத்தை ஸ்கேனில் தெரியும் குச்சியின் மேல் பொருத்திப் பார்த்துத்தான், ஈறுக்குள் இம்பிளாண்ட் எவ்வளவு ஆழத்தில், எந்தச் சாய்வில், அதன் உள்ளே இருக்கும் அறுகோணப் பள்ளம் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்பதை மென்பொருள் கணக்கிடும். ஒரு கம்பெனியின் குச்சியை வைத்துவிட்டு இன்னொரு கம்பெனியின் லைப்ரரியைத் திறந்தால், திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். வாயில் வைக்கும்போதுதான் பல் தூக்கி நிற்கும், இல்லை திரும்பி உட்காரும்.

என் அத்தைக்கு இதுதான் நடந்தது. ஒரே வருஷத்தில் மூன்று முறை திருகாணி தளர்ந்தது. ஈறில் ரத்தம், வாயில் நாற்றம். கடைசியில் பல்லைக் கழற்றிப் பார்த்தால், பேஸ் வேறு பிராண்ட். முடியளவு இடைவெளி இருந்திருக்கிறது. வாங்கும்போது கேட்கத் தெரியவில்லையே என்று இன்றும் எனக்கு மனது கேட்கவில்லை.

'எல்லா கொரிய இம்பிளாண்ட்டுக்கும்' என்ற பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆஸ்டெம் டிஎஸ் மாதிரி பல கொரிய இம்பிளாண்ட்டுகளில் உள் இணைப்பு 11 டிகிரி சாய்வும் அறுகோணமும் கொண்டது. சாய்வு ஒன்றாக இருந்தால் போதாது. அறுகோணத்தின் அளவு, திருகாணியின் புரி, பேஸ் உட்காரும் ஆழம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரே பிராண்டுக்குள்ளும் சிக்கல் உண்டு. ஆஸ்டெம் டிஎஸ்ஸில் 3.5 மி.மீ. இம்பிளாண்ட்டுக்கு மினி இணைப்பு, 4.0-க்கும் அதற்கு மேலும் ரெகுலர். ஸ்ட்ராமன் என்ற சுவிஸ் பிராண்டின் போன் லெவல் வகையில் 4.1, 4.8 இரண்டுக்கும் ஆர்சி என்ற ஒரே இணைப்பு, 3.3-க்கு மட்டும் என்சி. ஆகவே விட்டத்தை மட்டும் சொன்னால் போதாது, இணைப்பின் பெயரும் வேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வீட்டில் தேடுங்கள். அடையாள அட்டை நகலும் இபிஎஃப் கடிதமும் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில், சிறிய ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு அட்டை இருக்கலாம். பிராண்ட், அளவு, லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரித்தது என்ற எண்) மூன்றும் அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் இம்பிளாண்ட் முழுதும் தெரியும்படி நேராக ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உடைந்த கிரவுனை அதன் பேஸோடும் பழைய திருகாணியோடும் கழற்றி லேப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவை கைக்கு வந்தால் அடையாளம் காண்பது சுலபம். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிராண்ட் தெரிந்தபின் பாகங்களை டாக்டரும் லேப்பும் வாங்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியது: ஸ்கேன் பாடி, லைப்ரரி, டைட்டானியம் பேஸ், திருகாணி நான்கும் ஒன்றோடொன்று சேருமென்று ஒரே தயாரிப்பாளர் சொன்னவையா? ஒற்றைப் பல் என்பதால் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் பேஸ்தானா? வாயில் கடைசியாக முறுக்கப் போவது புதுத் திருகாணியா, லேப்பில் பயன்படுத்தியதா? ஒரிஜினல் பாகத்துக்கு விலை கூடும். நல்ல தயாரிப்பாளர்களின் மாற்றுப் பாகங்களும் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி வாங்கினால் அந்தத் தயாரிப்பாளரின் லைப்ரரியையே பயன்படுத்த வேண்டும். 2012 மருத்துவக் கருவிச் சட்டப்படி மலேசியாவில் விற்கும் மருத்துவக் கருவிகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்புறம் ஒன்று. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்கள் தரும் சிகிச்சைச் சேவைக்குப் பொருந்தாது. சிகிச்சையில் குறை என்றால் மலேசியப் பல் மருத்துவ மன்றத்திடம் புகார் செய்யலாம். அதனால் ரசீதில் 'கிரவுன்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். பிராண்ட், இணைப்பு, பேஸின் பெயர், லாட் எண் எல்லாம் எழுதித் தரச் சொல்லி, அதே டின்னில் போட்டு வையுங்கள்.