உலோகமும் சர்க்கரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எண்ணூர்க் கழிமுகத்தில் சேரும் நிலக்கரிச் சாம்பலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் வடசென்னை எர்ணாவூரில் பிறந்து வளர்ந்தவன். வயது 41. கன்டெய்னர் லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு சுகர் இருப்பது தெரிந்தது. நான் குண்டு இல்லை, 61 கிலோதான். இனிப்பும் அதிகம் தொடுவதில்லை. ஆனாலும் வீட்டில், ஆபீஸில் எல்லோரும் "வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்காது" என்கிறார்கள்.

நண்பர் ஒருவர் சொல்லி ஒரு டீடாக்ஸ் சென்டருக்குப் போனேன். ஒரு மாத்திரை கொடுத்து, ஆறு மணி நேரச் சிறுநீரைப் பிடித்துத் தரச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் மூன்றும் சிவப்பில் இருந்தன. சுகருக்குக் காரணமே இந்த உலோகங்கள்தான், 30 ட்ரிப்ஸ் ஏற்றினால் வெளியே வந்துவிடும், அப்புறம் சுகர் மாத்திரையே வேண்டாம் என்றார்கள். ஒன்றரை லட்சம் ஆகுமாம். நகையை வைக்கலாம் என்கிறாள் மனைவி.

உலோகத்தால் சர்க்கரை நோய் வருமா? எங்கள் ஏரியாதான் காரணமா? எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கு., எர்ணாவூர்

*

அன்புள்ள கு.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகையை வைக்காதீர்கள். சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் மருத்துவன் இல்லை, கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்த இரண்டையும் உறுதியாகச் சொல்ல அந்தப் படிப்பே போதும்.

உலோகத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. அந்த சென்டர்காரர்கள் ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேசியிருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மிகப் பழைய சான்று ஆர்சனிக்கைப் பற்றியது. தைவானின் தென்மேற்குக் கரையோரக் கிராமங்களில் ஆர்சனிக் மிகுந்த ஆழ்கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்று 1994-இல் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு ஆர்சனிக் உள்ளே போனதோ அவ்வளவுக்கு நோயும் கூடியிருந்தது. வங்கதேசத்திலும் அப்படியே தெரிந்தது. குறைந்த அளவிலும் இது நடக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இந்தியாவில் நிலத்தடி நீர் ஆர்சனிக்கின் பெரும் பாரம் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் மேல்தான் இருக்கிறது. சென்னையின் முதல் கவலை அது அல்ல.

எனக்கு அதிகம் கவலை தருவது காட்மியம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குத் துத்தநாகம் நிறையத் தேவை. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி ஒன்றாகச் சேர்ந்துதான் செல்லுக்குள் சேமிப்பில் இருக்கின்றன. அதனால் இந்தச் செல்கள் துத்தநாகத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே இருப்பது காட்மியம். வேதியியல் குணத்தில் நெருங்கிய உறவு. துத்தநாகத்துக்காகத் திறக்கிற கதவு வழியாகவே அதுவும் உள்ளே போய்விடுகிறது. போனால் எளிதில் வெளியே வராது. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். தானமாகக் கிடைத்த மனிதக் கணையங்களைச் சோதித்தபோது, இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் காட்மியம் இருந்தது. 2003-இல் அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை அலசியதில், சிறுநீரில் காட்மியம் கூடக்கூட சர்க்கரை நோயும் கூடியிருந்தது. ஆனால் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் எல்லாமே இதை ஆமோதிக்கவில்லை. சர்க்கரை நோய் வந்தபின் சிறுநீரகம் வேலை செய்யும் விதமே மாறிவிடுவதால், சிறுநீரில் அளந்த உலோகம் நோய்க்குக் காரணமா, விளைவா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஈயம் நேரடியாகச் சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறது என்பதற்கு இவ்வளவு வலுவான சான்று இல்லை. ஆனால் ஈயம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் குழாயைக் கெடுக்கும். சர்க்கரை நோய் செய்வதும் இதையேதான். சுகர் உள்ள ஒருவர் உடம்பில் ஈயமும் சேர்ந்தால் அதே சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் அடி. அமெரிக்க இதய சங்கம் 2023-இல் ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளாக ஏற்று ஓர் அறிக்கையே வெளியிட்டது.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அவர்கள் முதலில் கொடுத்த மாத்திரை உலோகத்தைப் பிடித்துச் சிறுநீருக்கு இழுத்து வரும் மருந்து. அதைக் கொடுத்தால் யாருக்குமே சிறுநீரில் உலோகம் கூடும். எனக்குக் கொடுத்தாலும் கூடும், ஊட்டியில் பிறந்து வளர்ந்தவருக்குக் கொடுத்தாலும் கூடும். அப்படி வந்த அளவை, மாத்திரை போடாதவர்களின் இயல்பான அளவோடு ஒப்பிட்டுச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். இந்த முறையை நம்பக்கூடாது என்று நச்சியல் மருத்துவர்களின் அமைப்புகள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. ஆர்சனிக் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் மீன் குழம்போ இறாலோ நண்டோ சாப்பிட்டீர்களா? கடல் உணவில் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் தீங்கில்லாத வகை. மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளந்தால் அதுவும் சேர்ந்து பெரிய எண்ணாகத்தான் காட்டும்.

ட்ரிப்ஸ் விஷயத்தைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தை ஏற்றிய முதல் ஆய்வு 2013-இல் வந்தது. அதில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் நல்ல பலன் தெரிந்தது. அது உண்மைதானா என்று பார்க்க, மாரடைப்பும் சர்க்கரை நோயும் இரண்டும் உள்ள சுமார் ஆயிரம் பேரை வைத்து இன்னொரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு 40 ட்ரிப்ஸ் வரை உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு வெறும் திரவம். 2024-இல் முடிவு வந்தது. மருந்து ஏற்றியவர்களின் ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் முதலியவற்றில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. ஒரு பக்கம் 35.6 சதவீதம், இன்னொரு பக்கம் 35.7. உலோகம் வெளியே வந்தது, அது செய்த சேதம் அப்படியே இருந்தது. இந்த மருந்தில் தவறான வகையை ஏற்றி, ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கி, 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். ஒன்றரை லட்சம் போவதை விடவும் எனக்கு இதுதான் பயம்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது "வாயைக் கட்டியிருந்தால்" என்ற பேச்சு. சென்னை நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரில் ஒருவர். இவ்வளவு பேரும் வாயைக் கட்டாதவர்கள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். நம்மவர்களுக்கு எடை கூடாமலே இந்த நோய் வரும். 61 கிலோ என்பதை விட்டுவிட்டு இடுப்பை அளந்து பாருங்கள். 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கொழுப்பு வயிற்றில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் ஏரியாவைப் பற்றிய சந்தேகத்துக்கு, உலோகத்தைக் காட்டிலும் வலுவான ஆதாரம் ஒன்று நம் ஊரிலிருந்தே இருக்கிறது. சென்னையிலும் டெல்லியிலும் பன்னிரண்டாயிரம் பேரை 2010 முதல் 2017 வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. காற்றில் உள்ள பி.எம். 2.5 நுண்தூசியின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் சர்க்கரை நோய் வரும் அபாயம் 22 சதவீதம் கூடியது. அனல்மின் நிலையச் சாம்பல், லாரிப் புகை, உலைப் புகை எல்லாம் கலந்த அந்தத் தூசியோடுதான் உலோகமும் மூக்குக்குள் போகிறது. உங்கள் ஒருவருக்கு நோய் வந்தது இதனால்தான் என்று எந்தப் பரிசோதனையும் காட்ட முடியாது. ஆனால் உங்கள் தெருவில் நோயாளிகள் கூடுவதில் அந்தக் காற்றுக்குப் பங்கு உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். பழியை உங்கள் வாயின் மேல் மட்டும் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இலையில் சேர்த்துக்கொள்ளும். புகைப்பவர் உடம்பில் காட்மியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ரசம் வைக்க ஈயச் சொம்பு வைத்திருந்தால் யோசியுங்கள். சுத்த வெள்ளீயம் என்றால் பரவாயில்லை, ஆனால் விலையைக் குறைக்கக் காரீயம், அதாவது இதுவரை நாம் பேசிய ஈயம், கலந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புளியும் சூடும் சேர்ந்தால் அது ரசத்தில் இறங்கும். ரசத்தை எவர்சில்வரில் வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்குமுன் பழைய பூச்சைச் சுரண்டுகிறோமே, அந்தத் தூள் மோசமானது. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய கதவு, ஜன்னல் கம்பியை ஈரப்படுத்தித் தேயுங்கள், மகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. போர் தண்ணீர் குடிப்பதாக இருந்தால் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் தரும் சர்க்கரைச் சூரணம், செந்தூரம் எதையும் வாங்காதீர்கள். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகத்துக்குப் பயந்து அதையே விழுங்க வேண்டாம்.

மகளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஈயப் பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றுவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளைச் சோதித்தபோது ரத்த ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவளுக்குக் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் ஈய அளவை ஒருமுறை பாருங்கள். முடிப் பரிசோதனை வேண்டாம். கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள், மனைவிக்கும் சேர்த்து. இரும்புச்சத்து குறைந்த குடல், இரும்பைத் தேடும் வேகத்தில் ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கும்போது இது சின்ன விஷயமே இல்லை. வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. அவள் சாப்பிடுமுன் கை கழுவட்டும்.

காற்றை உங்களால் தனியாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். 2009-இன் தேசியக் காற்றுத் தர விதியில் ஈயம், ஆர்சனிக், நிக்கல் மூன்றுக்கும் வரம்பு இருக்கிறது. காற்றில் ஈயம் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம். காட்மியம் அந்தப் பட்டியலிலேயே இல்லை, இருந்திருக்க வேண்டும். எர்ணாவூர், எண்ணூர், மணலிப் பகுதிகளில் இந்த மூன்றையும் எங்கே, எந்தத் தேதிகளில் அளந்தீர்கள், எவ்வளவு வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நாலு பேர் கையெழுத்துப் போடத் தயார் என்றால் எழுதுங்கள், மனுவை நானே தயார் செய்து அனுப்புகிறேன்.