மோட்சார்ட்டின் கடைசி சிம்பொனிகள்: விவரிப்பிலிருந்து அலசலுக்கு

கேள்வி: மேற்கத்திய இசையில் டிப்ளமோவுக்குப் படிக்கிறேன். சிறுவயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதமும் கற்றிருக்கிறேன். மோட்சார்ட்டின் கடைசி மூன்று சிம்பொனிகள் (39, 40, 41) பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். முதல் தீம் (அடிப்படை மெட்டு) எந்த பாரில் (தாளக் கட்டத்தில்), இரண்டாவது தீம் எந்த பாரில் என்று எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தேன். ‘இது விவரிப்பு, அலசல் இல்லை’ என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன வித்தியாசம்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் போட்ட பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம், அது தேவைப்படும். ஆனால் அந்தப் பட்டியலை யார் போட்டாலும் ஒரே மாதிரிதான் வரும். மோட்சார்ட் இந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம், ஏன் இதைச் செய்தார் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அலசல் பிறக்கிறது.

முதல் யோசனை: மூன்றையும் ஒரே கட்டுரையில் சம அளவில் பேசாதீர்கள். ஒன்றை எடுத்து ஆழமாகப் போங்கள், மற்ற இரண்டையும் ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 40-ஐ எடுப்பேன். ஜி மைனரில், அதாவது ஜி-யை ஆதார சுரமாகக் கொண்ட சோக நிற ஸ்கேலில் அமைந்தது (மேஜர் என்பது அதைவிட வெளிச்சமானது). அதன் தொடக்கத்தை யாருடைய செல்போன் ரிங்டோனாகவாவது கேட்டிருப்பீர்கள்.

அந்தத் தொடக்கத்தையே பாருங்கள். மெட்டுக்கு முன்னால் வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவிகள்) படபடவென்று துணை இசையைத் தொடங்கிவிடுகின்றன. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு பேச்சுக்கு நடுவே நாம் உள்ளே நுழைவது போல இருக்கிறது. அப்புறம் வயலின்களில் இ பிளாட், டி, டி. ஜி-யை சட்ஜமாக வைத்தால் இது சுத்த தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு அரைச்சுர இறக்கம், ஒரு பெருமூச்சு. மூன்று முறை அதையே சொல்லிவிட்டு மேலே தாவுகிறது. இந்தச் சிறு மூச்சு முதல் மூவ்மென்ட் (சிம்பொனியின் முதல் பகுதி) முழுக்க எங்கெல்லாம் வருகிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். தீம்களை வளர்த்தெடுக்கும் நடுப்பகுதியான டெவலப்மென்ட்டில் அது துண்டு துண்டாக உடைந்து, கடைசியில் புல்லாங்குழல், ஓபோ போன்ற மரக்காற்றுக் கருவிகளுக்கு இடையே கைமாறும் மிச்சமாகத் தேய்கிறது. அந்தத் தேய்மானம் முடியும் முன்பே முதல் தீம் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுகிறது. வழக்கமாகப் பறைசாற்றிக்கொண்டு வரவேண்டிய இடம் அது. ஏன் இப்படி ஒளிந்து வருகிறது? கட்டுரையில் ஒரு பத்திக்கு அது போதும்.

இப்போது மிக முக்கியமான இடம். இரண்டாவது தீம் 44-வது பாரில் பி பிளாட் மேஜரில் வருகிறது. கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்கு சட்ஜம் அசையாது, தம்புரா போல நின்றுகொண்டே இருக்கும். இந்த மூவ்மென்ட் அமைந்திருக்கும் சொனாட்டா வடிவத்தில் சட்ஜமே வேறு வீட்டுக்குக் குடிபோகிறது, பிறகு திரும்புகிறது. அந்தப் போக்குவரத்துதான் வடிவம். சரி, இந்த மேஜர் தீம், தீம்கள் மறுபடி வரும் ரீகேபிச்சுலேஷனில் சொந்த வீட்டுக்குத் திரும்பும்போது எப்படி வரவேண்டும்? ஜி மேஜரில் வந்திருக்கலாம். மோட்சார்ட்டின் சமகாலத்தவரான ஹைடன் தன் 83-வது சிம்பொனியில், அதுவும் ஜி மைனர்தான், முதல் மூவ்மென்ட்டை ஜி மேஜரில் கொண்டுபோய் முடிக்கிறார். மோட்சார்ட் அந்தக் கதவைத் திறக்கவில்லை. 227-வது பாரில் அதே மெட்டு ஜி மைனரில் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து பியானோவில் வாசித்துப் பாருங்கள். எத்தனை முறை வாசித்தாலும் இரண்டாவது முறை எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதற்கு முன்னால் வரும் இணைப்புப் பகுதியையும் எண்ணிப் பாருங்கள், தீம்கள் முதலில் அறிமுகமாகும் எக்ஸ்பொசிஷனில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டிருக்கிறது. இ பிளாட் மேஜர் பக்கம் போய் ஒரு வெளிச்சத்தைக் காட்டிவிட்டு, பிறகுதான் மைனரில் கொண்டுவந்து விடுகிறார். நாம் நம்பும்படி செய்துவிட்டுக் கைவிடுகிறார். நான்காவது மூவ்மென்ட்டும் மைனரிலேயே முடிகிறது.

கருவிகளையும் கவனியுங்கள். 40-ல் டிரம்பெட் இல்லை, டிம்பனி என்ற பெரிய முரசும் இல்லை. அந்தக் கால ஹார்னில் வால்வு கிடையாது, ஒரு ஹார்னால் சில சுரங்களைத்தான் இயல்பாக ஊத முடியும். அதனால் முதல், கடைசி மூவ்மென்ட்களில் ஒரு ஹார்னை ஜி-யிலும் இன்னொன்றை பி பிளாட்டிலும் வைத்தார். மைனர் கீயிலும் ஹார்ன் ஒலிக்கவேண்டும் என்பதற்கான கைவேலை இது. வடிவம் பற்றிச் சொல்வதற்கு இதுவும் சாட்சி.

கடைசி மூவ்மென்ட்டில் எக்ஸ்பொசிஷன் முடியும் இரட்டைக் கோட்டுக்கு அடுத்த சில பார்களை விட்டுவிடாதீர்கள். ஆர்கெஸ்ட்ரா ஒரே குரலில் கோணல்மாணலாகத் தாவுகிறது. 12 சுரங்களில் 11 வந்துவிடுகின்றன. வராதது ஜி, அதாவது சட்ஜம். வீட்டைத் தவிர எல்லாத் தெருவிலும் அலைகிறது.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வாழ்க்கைக் கதையில். 1788 கோடையில் மோட்சார்ட் வியன்னாவில் பணமுடையில் இருந்தார், புக்பெர்க் என்ற நண்பருக்குக் கடன் கேட்டுக் கடிதங்கள் எழுதினார், ஜூன் 29-ல் கைக்குழந்தை தெரேசியா இறந்தாள். எல்லாம் உண்மை. ஆனால் தன் படைப்புகளுக்கு அவரே வைத்திருந்த பட்டியலில் 39-க்கு ஜூன் 26, 40-க்கு ஜூலை 25, 41-க்கு ஆகஸ்ட் 10 என்று தேதி இருக்கிறது. துக்கம்தான் 40-ஐ எழுதியது என்றால் ஒளி வீசும் 41-ஐ எது எழுதியது? இந்த சிம்பொனிகளை அவர் கேட்கவே இல்லை என்று சொல்வதையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். 40-ஐப் பின்னாளில் கிளாரினெட்டுகள் சேர்த்துத் திருத்தியிருக்கிறார். வாசிக்க வாய்ப்பில்லாத ஒன்றை அப்படி உட்கார்ந்து திருத்துவது கடினம்.

ஒப்பிடுவதற்கு: 39-ல் ஓபோ இல்லை, அதன் இடத்தில் கிளாரினெட். மூன்றில் இதற்கு மட்டும்தான் மெதுவான முன்னுரை. 41-ன் கடைசி மூவ்மென்ட் வேறு உலகம். சி, டி, எஃப், இ என்ற நான்கே சுரங்களில் தொடங்கி, முடிவுப் பகுதியான கோடாவில் ஐந்து தீம்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார். ஐந்தையும் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் பாடிப் பழகுங்கள். பிறகு கோடாவைக் கேட்டால், ஐந்து தந்திக் கருவிப் பிரிவுகளும் அவற்றை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது காதில் விழும். பாடிப் பழகாமல் ஸ்கோரை (எல்லாக் கருவிகளின் இசைக்குறிப்பையும்) மட்டும் பார்த்தால் கண் மிரளும்.

மோட்சார்ட் படைப்புகளின் ஆய்வுப் பதிப்பான நியூ மோட்சார்ட் எடிஷன் ஸ்கோர்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நாள் ஸ்கோர் இல்லாமல் இரண்டு முறை கேட்டு, உங்களைத் திடுக்கிட வைத்த இடங்களை மட்டும் நிமிடக் கணக்கில் குறியுங்கள். மறுநாள் ஸ்கோரில் அந்த இடங்களைத் தேடுங்கள். கட்டுரையை 227-வது பாரிலிருந்து எழுதத் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். உங்கள் பழைய பார் பட்டியல் அப்போது கையில் இருக்கட்டும்.