அக்காவுக்கு எதற்கு வெப் ஹோஸ்டிங்?

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். என் சகலை ஒரு நிறுவனத்தில் சேரச் சொல்கிறார். 18,500 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்கு வெப் ஹோஸ்டிங் வசதி, அதாவது இணையதளத்தை வைத்துக்கொள்ள இணையத்தில் இடம், தருவார்கள். நமக்குக் கீழே ஆறு பேரைச் சேர்த்தால் கமிஷன். அவர்கள் ஆள் சேர்த்தால் அதற்கும் நமக்குக் கமிஷன். விற்பது உண்மையான சேவை என்பதால் இது ஏமாற்று வேலை இல்லை என்கிறார். ஆறு பேர் பட்டியல் தயார். குடியாத்தத்தில் பீடி சுற்றும் அக்காகூட மகளிர் குழுவில் கடன் எடுத்துச் சேர்வதாகச் சொல்லிவிட்டார். சேரலாமா?

பதில்: தம்பி, 'அக்காகூட' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்ணுக்கு எதற்கு வெப் ஹோஸ்டிங்? எந்த இணையதளத்தை அதில் வைக்கப் போகிறார்?

உங்கள் கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. ஹோஸ்டிங் உண்மையான சேவைதான். ஒரே சர்வரில், அதாவது தளங்களை வைத்திருக்கும் கணினியில், நூற்றுக்கணக்கான சிறு தளங்களை வைக்கலாம். அதனால்தான் ஒரு சின்னக் கடையின் தளத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வெளியில் இடம் கிடைக்கிறது. நீங்கள் கட்டப் போகும் 18,500-இல் மீதி யாருக்குப் போகிறது? மேலே இருப்பவர்களின் கமிஷனுக்கு. கணக்கர்தானே நீங்கள், இதையும் போட்டுப் பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு ஆறு பேர் என்று போனால் எட்டாவது அடுக்கில் 16 லட்சம் பேருக்கு மேல் வேண்டும், ஒன்பதாவதில் ஒரு கோடிக்கு மேல். பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் சுமார் 39 லட்சம்தான், கைக்குழந்தைகளையும் சேர்த்து.

சகலையிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். கமிஷனே இல்லையென்றால் இதே விலைக்கு இதை வாங்குகிறவர் எத்தனை பேர்? தளம் நள்ளிரவில் முடங்கினால் யார் போன் எடுப்பார்கள், பேக்கப் (மாற்று நகல்) எங்கே இருக்கிறது, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகிறது என்பதெல்லாம் ஹோஸ்டிங் வாங்குகிறவர் கேட்கும் கேள்விகள். உங்கள் கடிதத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. நீங்களே வாங்குகிறவராக யோசிக்கவில்லை.

ஆள் சேர்ப்பதற்குப் பணம் தரும் பிரமிட் திட்டங்களை 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. 1978-ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் தடைச் சட்டம், அத்தகைய திட்டத்தை நடத்துபவரோடு நிற்பதில்லை. அதில் சேர்வதையும் பங்கேற்பதையும்கூடத் தடுக்கிறது. நாளை விசாரணை என்று வந்தால் அக்காவைச் சேர்த்தவர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும்.

2022-இல் காட்பாடியில் நிதி நிறுவனம் ஒன்று சரிந்தபோது எனக்கு வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். பணம் போனதைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும். சித்தப்பாவை நான்தான் சேர்த்துவிட்டேன், அவர் வீட்டுப் படி ஏற முடியவில்லை என்பது பக்கம் பக்கமாக இருக்கும்.

கூடப்பிறந்தவன் சொன்னான் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் அக்கா கடன் எடுக்கத் துணிந்திருக்கிறார். அவர் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் நீங்கள். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தட்டு நிறையச் சீர் எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போக வேண்டியவர். அந்தக் கையால் அவரைக் குழுக் கடனில் தள்ளிவிட்டுக் கமிஷன் வாங்குவீர்களா? தவணை நின்றால் அவருக்காகக் கட்டப் போவது குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள். அவர்களும் அவரைப் போலத் தினக்கூலிக்காரர்கள்தான். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம்தான்.

தொழில் ஆசை இருந்தால் வேலூர் லாங்கு பஜாரில் ஏறி இறங்குங்கள். எந்தத் திட்டத்திலும் சேராமல், தன் கடைக்குத் தளம் வேண்டும் என்பதற்காகவே பணம் தருகிற ஒரு வியாபாரியைப் பிடியுங்கள். அப்படி ஒருவர் கிடைத்த பிறகு எனக்கு எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசலாம்.

சகலைக்குப் பதில் சொல்வதை ஒத்திப்போடலாம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்னால் குடியாத்தம் போய்விட்டு வாருங்கள். கடன் மனுவில் அக்கா இன்னும் கையெழுத்துப் போடாமல் இருந்தால் நல்லது. போட்டிருந்தால் அவரோடு நீங்களும் போய்த் திரும்பப் பெற்று வாருங்கள்.