வேலையிடத்தில் ஆட்களை நிர்வகிக்கும் திறமையை நடைமுறையில் எப்படி வளர்த்துக்கொள்வது?

நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டியிருக்கிறது, பயிற்சி வகுப்பில் சொன்னது எதுவும் ஆளை நேரில் பார்த்ததும் கைகொடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகக் குழுக்களைப் பார்த்துக்கொள்கிற அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வகுப்பில் தலைமைப் பண்பு, ஊக்கப்படுத்துதல் என்று பெரிய சொற்களாகச் சொல்லித் தருகிறார்கள். நாள் முழுக்க நாம் செய்வதோ நாலைந்து வகைப் பேச்சுகள்தான். வேலையைக் கொடுப்பது, இடையில் விசாரிப்பது, குறையைச் சொல்வது, ஒருவர் சிக்கலோடு வந்து நிற்கும்போது காது கொடுப்பது, கேட்டதை முடியாது என்று மறுப்பது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பழகினால் திறமை தானாக வரும். ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் கைவைத்தால் எதுவும் படியாது.

வேலையைக் கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள். பிற்பாடு வருகிற சண்டைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. "இதைக் கொஞ்சம் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், எது முடிந்தால் வேலை முடிந்தது என்பது உங்கள் மனதில் ஒன்றாகவும் அவர் மனதில் வேறாகவும் இருக்கும். பேசப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முடிவில் என்ன கையில் இருக்க வேண்டும், எப்போதைக்கு, எதையெல்லாம் அவரே முடிவு செய்யலாம், எந்தக் கட்டத்தில் உங்களிடம் வர வேண்டும். கடைசி இரண்டையும் பலர் சொல்வதே இல்லை. அதனால்தான் ஒருவர் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் ஓடி வருகிறார், இன்னொருவர் எல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்கிறார்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு உலகத்தில் எங்கேயும் ஒரே பதில்தான், "புரிஞ்சுது சார்". அதற்குப் பதிலாக "முதல்ல எதைத் தொடப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்கிற முதல் இரண்டு வாக்கியத்திலேயே எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் முழுக்க நீங்கள் கொடுக்கும் எல்லா வேலைக்கும் இந்த ஒரு கேள்வியை மட்டும் பழகினாலே வித்தியாசம் தெரியும்.

எவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்வது? அனுபவசாலியை விட்டுவிடலாம், புதியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் இதில் ஒரு முக்கியமான திருத்தம் சொன்னார்: பார்க்க வேண்டியது அந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருக்கு இருக்கும் பழக்கத்தை. பதினைந்து வருடம் கணக்கு பார்த்தவரை முதல் தடவையாக வாடிக்கையாளர் முன்னால் உட்கார வைத்தால், அந்த வேலைக்கு அவர் புதியவர்தான். அங்கே கூட இருப்பதை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், காரணத்தைச் சொல்லிவிட்டால்.

அடுத்து, குறையைச் சொல்வது. எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும் இடம் இது. சொன்னாலே ஆள் திருந்திவிடுவார் என்று நம்புகிறோம். குளுகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் இதுபற்றி வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் பின்னூட்டம், அதாவது செய்த வேலை எப்படி இருந்தது என்று அவரிடமே சொல்வது, பலன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அது வேலையை இன்னும் கெடுத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நாம் எரிச்சலில் இருக்கும்போது வாயில் வருவதெல்லாம் ஆளைப் பற்றியதுதான். "உங்களுக்குப் பொறுப்பே இல்ல" என்றால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். "செவ்வாய்க்கிழமை வர வேண்டிய அறிக்கை வியாழன் சாயங்காலம் வந்துச்சு. அதுவரைக்கும் கணக்குப் பிரிவுல வேலை நின்னுபோச்சு. என்ன ஆச்சு?" என்றால் பேச்சு அறிக்கையைப் பற்றி இருக்கும்.

"என்ன ஆச்சு?" என்று கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் கடினமான பகுதி. நாலைந்து நொடி மௌனம் நமக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும், நாமே "உடம்பு சரியில்லையா, வேலை அதிகமா" என்று பதிலையும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவரும் தலையாட்டிவிடுவார். உண்மைக் காரணம் வெளியே வராமலே போய்விடும். இதைத் தனியே பழகிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று வாக்கியத்தை எழுதி, வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். செயற்கையாகத் தோன்றலாம். ஆனாலும் தயாரிப்பில்லாமல் கொட்டிவிடுவதைவிட அந்த மனிதருக்கு இதுதான் மரியாதை.

நண்பராக இருந்த சக ஊழியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊகிக்க விடாதீர்கள். நட்பு இருக்கும், ஆனால் விடுப்பு, மதிப்பீடு, சம்பளம் பற்றிய முடிவுகளில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று ஆரம்பத்திலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். வேலை எவ்வளவு முடிந்தது என்ற கணக்கை அங்கே கேட்க வேண்டாம். முதல் சில சந்திப்புகளில் "எல்லாம் நல்லா போகுது" என்பார்கள், சலித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். "இந்த வாரம் எந்த வேலை இழுத்துக்கிட்டே போச்சு?" என்பது மாதிரி குறிப்பாகக் கேட்டால் மெல்ல மெல்லப் பேசுவார்கள்.

கெட்ட செய்தி வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் வந்தது தலைகீழ். நல்ல குழுக்களில் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள் என்பதே காரணமாகத் தெரிந்தது. ஆகவே உங்கள் குழுவில் யாரும் எதையும் சொல்வதில்லை என்றால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒருவர் தவறோடு வந்தால் முதலில் "இப்பவே சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் முன்னேற்றத்தை உங்களால் மட்டும் அளக்க முடியாது. சில மாதம் கழித்து ஒவ்வொருவரிடமும் "நான் ஒண்ணே ஒண்ணு மாத்திக்கணும்னா எது?" என்று கேளுங்கள். பதில் கசந்தாலும் விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், எழுதிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். அதில் ஒன்றை மாற்றிவிட்டு அவரிடமே திரும்பப் போய், "கூட்டத்துல குறுக்கே பேசறேன்னு சொன்னீங்க, இப்ப குறைஞ்சிருக்கா?" என்று கேளுங்கள். இப்படி ஒருவரிடம் நடந்துவிட்டால் போதும், விஷயம் மற்றவர்கள் காதுக்கும் போகும், அடுத்த முறை அவர்களும் மனதில் இருப்பதைச் சொல்வார்கள்.