மே 18இல் பிறந்த மகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் விசுவமடுவில் வசிக்கின்ற, நாற்பத்து மூன்று வயதுடைய ஒரு தாய். கணவர் மேசன் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே மகள். அவள் 2011ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி இரவு ஒன்பதே முக்காலுக்குப் பிறந்தாள். அன்று பிரசவ விடுதியில் நான் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு மணி தாண்டட்டும், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், இறுதிப்போர் முள்ளிவாய்க்காலில் முடிந்த அதே திகதியில்தான் என் தம்பியைக் கடைசியாகப் பார்த்தோம். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது, புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, அம்மாவே அவனுடைய கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று ஒப்படைத்தார். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறார். மே 18இல் ஊரெல்லாம் முள்ளிவாய்க்காலுக்குச் சென்று விளக்கேற்றும்போது அவர் போகமாட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு விளக்கு வைக்கிறதா என்று கேட்பார். காலையில் கஞ்சி மட்டும் காய்ச்சுவார்.

மகளின் பிறந்தநாளை எப்போதும் இரண்டு மூன்று நாள் தள்ளி, சத்தமில்லாமல் செய்துவந்தோம். ஏன் என்று அவள் கேட்டபோதெல்லாம் 'அன்றைக்குத் துக்கநாள்' என்பதோடு நிறுத்திக்கொண்டோம். 2025இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மாலையில் அவளுடைய பள்ளித்தோழிகள் நால்வர், சொல்லாமல் கொள்ளாமல் கேக்குடன் வந்து நின்றார்கள். படலையில் நிற்கும் பிள்ளைகளைத் திருப்பியனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கேக் வெட்டினாள், படம் எடுத்தார்கள், அதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து அண்ணர் அழைத்தார். அவர் 1998இல் போனவர்; அம்மாவின் மருந்துச் செலவை அவர்தான் பார்க்கிறார். "தம்பியைக் குடுத்த நாளில கேக் வெட்டிக் கொண்டாடுறீங்களோ?" என்று அவர் கத்தியது பக்கத்திலிருந்த மகளுக்கும் கேட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார். அன்றிலிருந்து மகள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "நான் பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று ஒருநாள் சொன்னாள். காலம் போனால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். இத்தனை பேர் மாண்ட நாளில் ஒரு வீட்டில் கொண்டாட்டம் நடப்பது பிழையா? அடுத்த ஆண்டு நான் என்ன செய்யவேண்டும்? அந்தப் படத்தை அழிக்கும்படி மகளிடம் சொல்லட்டுமா?

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் கேட்டவற்றுக்கு வருமுன், உங்கள் கணவர் காலத்திடம் விட்டுவிடச் சொல்லும் விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று பதினான்கு வயதுப் பிள்ளை சொன்னால் அதைக் கோபப் பேச்சென்று கடந்துபோகக் கூடாது. அவளோடு தனியே இருந்து, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள்; அது உண்மையன்று. அவள் ஆம் என்றாலோ, நித்திரையும் சாப்பாடும் குலைந்திருந்தாலோ, மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத் தாமதிக்காமல் கூட்டிச்செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

இனி, பிழையா என்ற கேள்வி. பிழையில்லை என்பதே என் பதில். ஆயினும் அண்ணரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல், இந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு அவரோடு வாதாடினால் பயன் இராது. 2009 மே மாதத்தில் வன்னிச் சனம் செட்டிகுளத்து முகாம்களின் முட்கம்பிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, தெற்கின் தெருக்களில் வெடி கொளுத்திப் பாற்சோறு பங்கிட்டார்கள். பின்னர் பல ஆண்டுகள் அந்நாட்களை ஒட்டி வெற்றி விழாவும் இராணுவ அணிவகுப்பும் நடந்தன. 2015இல்தான் அரசு அதனை நினைவு நாள் என்று பெயர் மாற்றியது. இறுதிக்கட்டப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதிய அதே நிகழ்வின் முடிவுதான் அங்கே கொண்டாடப்பட்டது. ஆகவே மே 18ஐயும் கொண்டாட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாலே நம்மவர் காதில் அந்த வெடிச்சத்தம் கேட்கிறது. உங்கள் அண்ணர் கைபேசியில் பார்த்தது நான்கு சிறுமியர் கொண்டுவந்த கேக்கை. அவர் மனதில் தெரிந்ததோ அந்தப் பாற்சோறு. அங்கே கொண்டாடப்பட்டது நமது அழிவு. உங்கள் வீட்டில் கொண்டாடப்பட்டது அந்த அழிவுக்குப் பின்னர் வந்த ஒரு பிள்ளை.

எல்லையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பக்கத்து வீடுகளில் விளக்கெரியும் மாலையில் ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி பாட்டுப் போட்டு ஆடுவதும், மண்டபம் எடுத்து விருந்து வைப்பதும் அந்த நாளுக்குப் பொருந்தாதவை. அவற்றைத் தள்ளிவைப்பதில் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. ஒரு சிறிய கேக் அந்த வகையில் அடங்காது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை நினைத்துப் பாருங்கள். வைகாசியில் வரும் அந்தப் பொங்கல் சில ஆண்டுகளில் மே 18க்கு மிக அண்மையாகவே வந்துவிடுகிறது. நந்திக்கடலின் ஒரு கரையில் முள்ளிவாய்க்கால், மறு கரையில் கோயில். கடலில் தீர்த்தமெடுத்து, உப்புநீரில் விளக்கெரித்து, பறை முழங்கப் பொங்கும் சனத்தில், அதே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் விழுந்து அழுதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களைத் துக்கம் மறந்தவர்கள் என்று யாரும் ஏசுவதில்லை. அந்த அம்மனே கணவனை அநியாயமாகப் பறிகொடுத்து, மதுரையை எரித்துவிட்டு வந்து அமர்ந்தவள் அல்லவா? அவளைக் குளிரவைக்கத்தானே பொங்குகிறோம்.

உங்கள் வீட்டில் சிக்கல் இன்னும் ஆழமானது. சாவு நடந்த வீட்டுக்கு எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் ஆட்டைத்திவசம் என்று நமது வழக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது; ஆட்டைத்திவசம் முடிந்தால் தீபாவளியும் பிறந்தநாளும் அந்த வீட்டுக்குத் திரும்பி வருகின்றன. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அந்தியேட்டி செய்ய முடியாது. அதனால் பதினாறு ஆண்டுகளாக உங்கள் வீடு துக்க வீடாகவும் இல்லாமல் வழமையான வீடாகவும் இல்லாமல் நிற்கிறது. பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்கு அந்தச் சொல்லைக் கற்பிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாளைத் துக்கநாள் என்று மகளுக்குச் சொன்னவர் நீங்கள். விளக்கேற்ற மறுப்பவர் உங்கள் அம்மா. அவருடைய கணக்கில் மகன் இறக்கவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடாமல் படுத்ததைக் கேக்குக்கான கண்டனமாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் தன் கையாலேயே பிள்ளையைக் கூட்டிச்சென்று ஒப்படைத்த ஒரு தாய்க்கு அந்த நாளின் இரவில் சோறு இறங்காமல் போவதற்குக் கேக் ஒன்று தேவையில்லை. முந்திய ஆண்டுகளில் அந்த இரவில் அவர் சாப்பிட்டாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பின்னர், மகள் பக்கத்தில் இல்லாத ஒரு நேரத்தில் அவரையே கேளுங்கள். (நீரிழிவுக்குக் குளிசை போடுபவராயின், சாப்பிடாமல் குளிசை மட்டும் போட்டுக்கொண்டு படுப்பது ஆபத்து, இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.)

அண்ணரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 மே 10 அன்று ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் தமிழர்கள் குழந்தைகளோடு இறங்கி நின்று போக்குவரத்தை மறித்தார்கள்; அவர்களாலும் எதையும் நிறுத்த முடியவில்லை. 2022இல் கனடிய நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. பாலத்தடியில் நிற்காத அண்ணருக்குத் தம்பியோடு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு அந்தத் திகதிதான். அதில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் அவரால் தாங்க முடிவதில்லை. இங்கிருந்து அனைத்தையும் கண்ட நீங்கள் அந்த நாளில் உலை வைத்தாகவேண்டும், பிள்ளை பெற்றாகவேண்டும். அந்தத் திகதியை அவர் தூரத்தில் நின்று காப்பாற்றுகிறார். நீங்கள் அதற்குள்ளேயே குடியிருக்கிறீர்கள். கொண்டாடியது சரியா என்று அவரோடு பேசாதீர்கள். அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் அண்ணா, எப்படித் தகவல் அறிந்தீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் யாரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். அதன்பின், மருமகளிடம் அவரே நேரில் பேசவேண்டும் என்றும் சொல்லுங்கள். செலவைப் பார்க்கிறார் என்பதற்காக இதனை விட்டுவிடாதீர்கள்.

மகளுக்கு நீங்கள் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. தன் பிறப்பில் ஏதோ ஒரு தவறு ஒளிந்திருக்கிறது என்று அவள் வளர்ந்திருக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் தள்ளிவைக்கப்பட்ட கேக் அதை அவளுக்குச் சொல்லிவந்திருக்கிறது. முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லுங்கள்: அவன் எதற்குச் சிரிப்பான், எந்த விளையாட்டில் அடிபட்டு வந்தான், எந்தக் கறிக்குச் சண்டை பிடிப்பான் என்பவற்றை. பாலத்தை அதற்குப் பிறகு சொல்லலாம். மணிக்கூட்டைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மணி தாண்டவேண்டும் என்று கிடந்ததைச் சொல்லி, ஒன்பதே முக்காலுக்கு அவளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பாதியை எனக்கு நீங்கள் எழுதவில்லை.

அடுத்த ஆண்டைப் பொறுத்தவரை, நமது வழக்கப்படி திவசம் திதியிலும் பிறந்தநாள் அருச்சனை நட்சத்திரத்திலும் வருபவை. இரண்டும் ஆங்கிலத் திகதியோடு நிற்பதில்லை. வைகாசியில் அவளுடைய நட்சத்திரம் வரும் நாளைப் பார்த்துச் சொல்லி, எந்த நாள் வேண்டும் என்று அவளையே தெரிவுசெய்ய விடுங்கள். மே 18தான் என்றால், காலையில் அம்மம்மாவோடு இருந்து கஞ்சி குடிக்கட்டும். மாலையில் தோழிகள் வரட்டும்.

படத்தை அழிக்கச் சொல்லாதீர்கள். அது அவளுடைய கைபேசியிலேயே இருக்கட்டும். அடுத்த முறை எடுக்கும் படத்தில் தானும் நிற்க விரும்புகிறாரா என்று அம்மம்மாவை அவள் கேட்கலாம்; அவர் மறுத்தாலும் கேட்டது நல்லதுதான்.